கூட்டுக்கோண வாள்: அமைப்பும் அபாயமின்றிக் கையாளும் முறையும்

திருமலைக்கு நடந்து ஏறும் யாத்திரிகர்கள் முதற்படியில் கால் வைக்கும் இடம் அலிபிரி. அங்கிருந்து சேஷாசல மலைமீது ஏறும் பாதையில் சுமார் 3,550 படிகள் உள்ளன. வழிபாடு முடித்துத் திரும்புவோருள் பலர், பிரசாதத்துடன் வேங்கடவனின் திருவுருவப் படம் ஒன்றையும் சட்டமிட்டு வாங்கிச் செல்வர். வீட்டுப் பூஜையறைக்கென மரத்தாலான சிறு மண்டபம் தேடுவோரும் உண்டு. இத்தேவைகளை நிறைவேற்றும் தச்சர்களும் சட்டமிடுவோரும் மரச்சிற்பிகளும் திருப்பதியிலும் சுற்றுப்புறத்திலும் தொழில் செய்து வருகின்றனர். திருப்பதிக்கு அருகிலுள்ள மாதவமாலை என்னும் சிற்றூர் மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்றது. அலிபிரிச் சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்திவரும் மரபுச் சிற்ப, கட்டடக் கலை நிறுவனத்தில் கல், உலோகச் சிற்பங்களுடன் மரச்சிற்பமும் கற்பிக்கப்படுகிறது.

படத்தைக் கண்டு கைகூப்புவோர் அதன் சட்டத்தின் மூலைகளை உற்று நோக்குவதில்லை. ஆனால் தச்சனின் திறமை வெளிப்படும் இடம் அந்த மூலைதான். இரண்டு மரச்சட்டங்கள் ஒவ்வொன்றும் 45 பாகைச் சாய்வில் அறுக்கப்பட்டு, இடைவெளி தோன்றாமல் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். முற்காலத்தில் இதற்கென மரத்தாலான ஒரு தொட்டியின் பக்கங்களில் சாய்வான பிளவுகள் இட்டு, அவற்றினூடே கைரம்பத்தைச் செலுத்தி அறுத்தனர். இன்று பல பட்டறைகளில் அவ்வேலையை மின்சாரத்தால் இயங்கும் வட்டவாள் செய்கிறது. பட்டறைகளில் ‘மைட்டர் சா’ என்று வழங்கப்படும் இவ்வாள், கிடைத்தளத்தில் மட்டுமன்றிச் செங்குத்துத் தளத்திலும் சாய்ந்து வெட்டவல்லதாயின் அதனைக் கூட்டுக்கோண வாள் எனலாம்.

கைரம்பம் கால் மணி நேரத்தில் செய்த வேலையை இக்கருவி ஒரு நிமிடத்திற்குள் முடித்துவிடும். ஆனால் தவறு நேரின் கைரம்பம் தோலைக் கீறும். இதுவோ விரலைத் துண்டித்துவிடும். ஆகவே இதன் அமைப்பையும், இதனை நிறுவும் முறையையும், கையாளும் ஒழுங்கையும் அறிந்து கொள்ளாமல் இதன் விசையைத் தொடுதல் கூடாது.

வட்டவாளின் வரலாறும் வேகமும்

வட்டமான தகட்டின் விளிம்பில் பற்கள் வெட்டி, அதனைச் சுழற்றி மரம் அறுக்கும் எண்ணம் புதியதன்று. 1777ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் பெற்ற காப்புரிமையில் வட்டவாள் குறிப்பிடப்பட்டுள்ளது. மேடைமீது மரத்தை அசையாமல் நிறுத்தி, மேலிருந்து வாளை இறக்கி வெட்டும் மின்சாரக் கருவிகள் 1960களில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவின.

இக்கருவியின் அபாயத்தை உணர அதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. சாதாரணமாக உபயோகிக்கப்படும் வாள்தட்டின் விட்டம் 255 மில்லிமீட்டர். அதாவது பத்து அங்குலம். அது நிமிடத்திற்கு 4,800 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றில் பல்முனை கடக்கும் தூரம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். வினாடிக்கு 80 சுற்றுகள் ஆதலின், பல்முனையின் வேகம் வினாடிக்குச் சுமார் 64 மீட்டர். மணிக்கு 230 கிலோமீட்டர். பற்கள் 60 எனின், ஒரே இடத்தை ஒரு வினாடியில் 4,800 பற்கள் கடந்து செல்கின்றன. கண் இமைத்து, மூளை உணர்ந்து, கை பின்வாங்குவதற்குள் நூற்றுக்கணக்கான பற்கள் தம் வேலையை முடித்திருக்கும். எனவே, அபாயம் நேரும்போது கையை இழுத்துக் கொள்ளலாம் என்று எண்ணுவது அறியாமை. கை அவ்விடத்தில் இல்லாதிருப்பதே ஒரே காப்பு.

கருவியின் உறுப்புகள்

இவ்வாளின் அடியில் வார்ப்பு உலோகத்தாலான மேடை உள்ளது. அதன் நடுவில் வலமும் இடமும் திரும்பும் வட்டவடிவச் சுழல்மேடை பொருத்தப்பட்டிருக்கும். இதன் விளிம்பில் பாகைகள் குறிக்கப்பட்டிருக்கும். 0, 15, 22.5, 30, 45 போன்று அடிக்கடி வேண்டப்படும் கோணங்களில் மேடை தானே விழுந்து நிற்பதற்குப் பள்ளங்கள் உண்டு. பல கருவிகளில் 31.6 பாகையிலும் ஒரு பள்ளம் காணப்படும். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

மேடையின் பின்புறத்தில் செங்குத்தாக நிற்கும் உலோகச் சட்டத்தை அணைசட்டம் எனலாம். வெட்டப்படும் மரம் இதன்மீது சாய்ந்து நிற்க வேண்டும். இதற்குப் பின்னால் கீல் வைத்த கை ஒன்று எழுந்து, மோட்டாரையும் வாள்தட்டையும் தாங்குகிறது. இக்கை கீழே இறங்கும்; பக்கவாட்டில் சாயும்; சில கருவிகளில் தண்டுகளின்மீது முன்னும் பின்னும் நகரவும் செய்யும். வாள்தட்டின் மேற்பாதியை நிலையான உறை மூடியிருக்கும். கீழ்ப்பாதியை மூடும் காப்புறை, கை இறங்கும்போது தானே விலகி, கை ஏறும்போது மீண்டும் மூடிக்கொள்ளும்.

வேலைக்குத் தடையாக இருக்கிறது என்று கூறி இக்காப்புறையைக் கயிற்றால் கட்டி வைப்பதும், கழற்றி எறிவதும் சில பட்டறைகளில் காணப்படும் வழக்கம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, யந்திரங்களின் அபாயகரமான பகுதிகளுக்குக் காப்பு அமைக்கப்பட வேண்டும் என்று விதித்தது. சட்டத்தின் கண் எட்டாத சிறு பட்டறைக்கும் அவ்விதியின் நியாயம் பொருந்தும். மரத்தூள் அடைத்துக் காப்புறை தடைப்படுமாயின், அதனைத் தூய்மை செய்வதே தக்கது.

நிறுவும் முறை

கருவியை நிறுவும்போது முதலில் கவனிக்க வேண்டியது அதன் அடித்தளம். தரையில் வைத்துக் குந்தியபடி வேலை செய்தல் நம் நாட்டில் பழகிப்போன ஒன்று. கைரம்பத்திற்கும் இழைப்புளிக்கும் அம்முறை பொருந்தலாம். சுழலும் வாளுக்குப் பொருந்தாது. குந்தியிருப்பவனின் முகம் வாளின் மட்டத்திற்கு வந்துவிடும். முழங்கால் அதன் அருகே நிற்கும். நிலை தடுமாறின் கை இயல்பாகவே முன்னே ஊன்றும். ஆகவே, நின்று வேலை செய்வோனின் இடுப்பு உயரத்திற்கு உறுதியான மேசை அமைத்து, கருவியின் நான்கு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியே அதனைப் போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். கை மேலே எழும்பும்போது கருவி பின்னுக்குச் சாயும் இயல்புடையதாதலால், வெறுமனே வைத்துவிட்டு வேலை தொடங்குதல் கூடாது.

மேடையின் இருபுறமும் அதே மட்டத்தில் தாங்கிகள் அமைய வேண்டும். இரண்டு மீட்டர் நீளமுள்ள சட்டத்தின் ஒரு முனை தாங்கலின்றித் தொங்குமாயின், வெட்டு முடியும் தருணத்தில் அது கீழே விழும். விழும்போது வெட்டுத்தடத்தைக் குறுக்கி வாளைக் கவ்விக்கொள்ளும். நீளமான மரத்தை மற்றொருவர் கையால் ஏந்தி நிற்பது தாங்கிக்கு ஈடாகாது. அவர் சிறிது உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் வாள் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது மின் இணைப்பு. இத்தகைய கருவிகளின் மோட்டார் 1,500 முதல் 1,800 வாட் சக்தி வரை கொள்வது. நம் நாட்டின் 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 1,650 வாட் மோட்டார் ஏறக்குறைய 7 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதைவிடப் பன்மடங்கு எடுக்கும். எனவே விளக்குக்கு அமைத்த சிறிய சாக்கெட்டில் இதனைச் செருகலாகாது. நீட்டிப்புக் கம்பி தேவைப்படின், அது குறுகியதாகவும் 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு உடையதாகவும் இருத்தல் நலம். மெல்லிய நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறையும், மோட்டார் சூடேறும், வாள் திணறும். இரண்டு கம்பிகளை முறுக்கித் துணி சுற்றி இணைத்தல் உயிருக்கே ஆபத்து. உலோக உடலுடைய கருவிக்கு நிலத்தொடுப்பு இன்றியமையாதது. சதுரத்திற்குள் சதுரம் என்னும் குறி பொறித்த இரட்டைக் காப்புக் கருவிகளுக்கு நிலக்கம்பி இராது, அது குறையன்று. எவ்வாறாயினும், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு விசையைப் பட்டறையில் அமைத்தல் உயிர்காக்கும் ஏற்பாடாகும்.

வெளிச்சம், வெட்டுமிடத்தில் கையின் நிழல் விழாதவாறு வர வேண்டும். காலடியில் துண்டுக் கட்டைகளும் தூளும் கிடத்தல் ஆகாது. வேலை செய்வோனின் பின்னால் ஆள் நடமாட்டமும் சிறுவர் விளையாட்டும் தவிர்க்கப்பட வேண்டும்.

வாள்தட்டைத் தேர்ந்தெடுத்தல்

வாள்தட்டின் பற்கள் மிகுதியாயின் வெட்டு வழவழப்பாகவும், குறைவாயின் விரைவாகவும் அமையும். கட்டட வேலைக்கான முரட்டுச் சட்டங்களுக்கு 24 முதல் 40 பற்கள் போதும். படச்சட்டத்திற்கும் பூஜை மண்டபத்திற்கும் 60 முதல் 100 பற்கள் வரை தேவை. பல்லின் முகம் முன்னோக்கி மிகவும் சாய்ந்திருப்பின் அது மரத்தைத் தானே இழுத்துக் கொள்ளும். கோணவாளுக்கு அத்தகைய தட்டு ஏற்றதன்று. சாய்வு மிகக் குறைந்த, அல்லது சற்றே பின்னோக்கிச் சாய்ந்த பற்களே தக்கவை.

தட்டில் பொறித்துள்ள உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்பதைப் பார்த்தே பொருத்த வேண்டும். நடுத்துளை அச்சுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தட்டின் அம்புக்குறியும் உறையின் அம்புக்குறியும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். பெரும்பாலான கருவிகளில் இத்தட்டை இறுக்கும் போல்ட்டின் மரை இடப்புறமானது. வழக்கத்திற்கு மாறாக வலப்புறம் திருப்பினால்தான் கழலும். தட்டை மாற்றும்போதும், கோணத்தைச் சோதிக்கும்போதும், தூய்மை செய்யும்போதும் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். விசையை அணைத்தல் மட்டும் போதாது.

கோணத்தைச் சோதித்தல்

புதிய கருவியாயினும் அதன் பாகைக் குறிகளை அப்படியே நம்பலாகாது. முதலில் மேடையை 0 பாகையில் நிறுத்தி, கையை இறக்கிப் பூட்டி, மூலைமட்டத்தை அணைசட்டத்தின்மீதும் வாள்தட்டின் உடல்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். பற்கள் இருபுறமும் சற்றே விரிந்திருப்பதால், மூலைமட்டம் பல்முனையைத் தொடாமல் இரு பற்களின் இடையே தட்டைத் தொட வேண்டும். பின்னர் மூலைமட்டத்தை மேடைமீது நிறுத்தி, தட்டு செங்குத்தாக உள்ளதா என்று நோக்க வேண்டும். வேறுபாடு தோன்றின், அதற்கென உள்ள திருகாணிகளால் சரிசெய்யலாம்.

கண்ணுக்குப் புலப்படாத பிழையை இரட்டித்துக் காட்டும் எளிய சோதனை ஒன்றும் உண்டு. 100 மில்லிமீட்டர் அகலமும் இணையான விளிம்புகளும் உடைய பலகை ஒன்றைக் குறுக்கே வெட்டி, இரு துண்டுகளுள் ஒன்றை மட்டும் அடிமேலாகப் புரட்டி, வெட்டுமுகங்களை நேர்கோட்டில் சேர்த்து வைக்க வேண்டும். வெட்டு மிகச் சரியாயின் இடைவெளி தோன்றாது. பிழை ஒரு பாகையாயின் இடைவெளி இரண்டு பாகையாக விரிந்து, பலகையின் ஓர் ஓரத்தில் மூன்றரை மில்லிமீட்டர் அளவு தெரியும். பத்தில் ஒரு பாகைப் பிழையும் ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவு இடைவெளியாகப் புலப்படும்.

இத்துணை நுட்பம் ஏன் தேவை என்ற ஐயம் எழலாம். நான்கு மூலைச் சட்டத்தில் எட்டு வெட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை குறையுமாயின், மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்தபின் நான்காம் மூலையில் நான்கு பாகை இடைவெளி எஞ்சும். சட்டத்தின் அகலம் 50 மில்லிமீட்டர் எனின், மூலையில் சாய்முகத்தின் நீளம் சுமார் 71 மில்லிமீட்டர்; அதன் ஓரத்தில் விரியும் பிளவு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். மக்கும் மெழுகும் கொண்டு அதனை அடைக்கலாம். ஆனால் அடுத்த மழைக்காலத்திற்குள் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கோணம் சரியாயினும் எதிரெதிர்ச் சட்டங்களின் நீளம் ஒன்றாயிராவிடின் மூலை பொருந்தாது. இதற்கு, அளவுநாடாவை ஒவ்வொரு முறையும் நம்பாமல், தாங்கியில் ஒரு நிறுத்துக்கட்டையைப் பொருத்தி எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டுதல் சிறந்த வழி. ஈரம் உலராத மரம் அகலத்தில் சுருங்குமாதலின், மூலையின் உட்புறம் பின்னர் வாய்பிளக்கும். நன்கு உலர்ந்த மரமே சட்டத்திற்கு ஏற்றது.

வெட்டும் ஒழுங்கு

வாள் சுழலும் திசையை அறிந்தவனுக்கு விதிகளின் காரணம் தானே விளங்கும். வெட்டுவோனை நோக்கிய பக்கத்தில் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன, அடியில் அணைசட்டத்தை நோக்கிச் செல்கின்றன, பின்புறத்தில் மேலெழுகின்றன. ஆகவே வாள் எப்போதும் மரத்தை மேடைமீது அழுத்தி, அணைசட்டத்தை நோக்கித் தள்ளுகிறது. மரம் அணைசட்டத்தில் முற்றும் பொருந்தியிருப்பின் இவ்விசை நமக்குத் துணை. இடையே சிறிது வெளி இருப்பினும், மரம் திடீரென்று பின்னே பாய்ந்து மோதும். அதைப் பற்றியிருந்த கையும் உடன் இழுபடும். வளைந்த பலகையின் குவிந்த பக்கத்தை அணைசட்டத்தின்மீது வைத்து, வெட்டுமிடத்தில் இடைவெளி இல்லாதவாறு அமைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. மரத்தை அணைசட்டத்தில் சாய்க்காமல் அந்தரத்தில் கையால் பிடித்து வெட்டுதல் ஒருபோதும் ஆகாது.

வெட்டும் வரிசை பின்வருமாறு. மரத்தில் ஆணி, கம்பி, கல் உள்ளனவா என்று முதலில் தேட வேண்டும். பழைய கதவு, நிலைகளிலிருந்து எடுத்த மரத்தில் இது மிகவும் அவசியம். குறியிட்ட பின், மோட்டாரை இயக்காமலேயே கையை ஒருமுறை இறக்கி, வாள் செல்லும் வழியில் அணைசட்டமோ கிளாம்போ குறுக்கிடவில்லை என்பதை உறுதி செய்து கொள்ள வேண்டும். மரத்தைக் கிளாம்பால் இறுக்கிப் பிடிக்கச் செய்தல் உத்தமம். கையால் பிடிக்க நேரின், கை வாளிலிருந்து 150 மில்லிமீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். இத்தூரம் கிடைக்காத சிறு துண்டைக் கையால் பிடித்து வெட்டலாகாது. ஒரு கையின் குறுக்கே மறு கையை நீட்டி மரத்தைப் பிடித்தல் மிகக் கொடிய பழக்கம். அப்போது முன்கை வாளின் பாதையிலேயே கிடக்கிறது. உடல் வாளின் நேர்க்கோட்டில் நில்லாமல் சற்று விலகி நிற்க வேண்டும்.

வாள்தட்டு மரத்தைத் தொடாத நிலையில் மோட்டாரை இயக்கி, முழு வேகம் அடைந்த பின்னரே மெதுவாக இறக்க வேண்டும். வலிந்து அழுத்த வேண்டியதில்லை. கருவியின் எடையும் பற்களின் கூர்மையும் போதும். வெட்டு முடிந்ததும் கையை உடனே உயர்த்தாமல், கீழ்நிலையிலேயே விசையை விட்டு, தட்டு முற்றிலும் நின்றபின் உயர்த்த வேண்டும். சுழலும் தட்டை உயர்த்தும்போது, பின்புறத்தில் மேலெழும் பற்கள் வெட்டுண்ட சிறு துண்டைக் கவ்வி முகத்தை நோக்கி எறியக்கூடும். தட்டு நிற்கச் சில வினாடிகள் ஆகும். அந்தச் சில வினாடிகளில்தான், துண்டை எடுக்கக் கை நீட்டிப் பலர் விரல் இழக்கின்றனர்.

நிறுத்துக்கட்டையைப் பொருத்தும்போது ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கையாலோ கிளாம்பாலோ பிடிக்கப்பட்ட பகுதி மட்டுமே நிறுத்துக்கட்டையைத் தொட்டிருக்கலாம். பிடியின்றி விடப்படும் துண்டு, நிறுத்துக்கட்டைக்கும் வாளுக்கும் இடையே அடைபடுமாயின், அது விலகிச் செல்ல வழியின்றித் தெறிக்கும்.

தண்டின்மீது நகரும் வகைக் கருவியில், முதலில் வாளை வெறுமையாக முன்னே இழுத்து, பின்னர் இயக்கி, இறக்கி, மரத்தினூடே பின்னோக்கித் தள்ள வேண்டும். மாறாக, வெட்டிக்கொண்டே முன்னே இழுப்பின் பற்கள் மரத்தின்மீது ஏறி ஓடும்; கருவி வெட்டுவோன் மீதே பாயும்.

கையுறை அணிதல் காப்பு என்று பலர் எண்ணுகின்றனர். சுழலும் வாளருகில் அது பொருந்தாது; பல்லில் சிக்கிய நூல் விரலையும் உடன் இழுத்துச் செல்லும். தோளில் போட்ட துண்டு, தொங்கும் சேலைத் தலைப்பு, அவிழ்த்துவிட்ட சட்டைக் கை, மணிக்கட்டில் கட்டிய கயிறு, வளையல், கடிகாரம் ஆகியனவும் அவ்வாறே. வேட்டியை இறுக மடித்துக் கட்டுதலைவிடக் காற்சட்டை அணிதல் நன்று. காலில் மூடிய செருப்பும் கண்ணில் காப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.

இரு கோணங்கள் ஒன்றாகும் விதம்

இதுவரை கூறியன ஒற்றைக் கோண வெட்டுக்கும் பொருந்தும். கூட்டுக்கோணம் தேவைப்படுவது எப்போது? பூஜை மண்டபத்தின் மேல்விதானத்தை நான்கு சாய்வான பலகைகளால் கூட்டும்போது அது தேவைப்படும்.

பலகைகள் தரைக்கு இணையாகப் படுத்திருப்பின் அது படச்சட்டம்; சுழல்மேடையை 45 பாகை திருப்பினால் போதும், வாளைச் சாய்க்க வேண்டியதில்லை. பலகைகள் செங்குத்தாக நிற்பின் அது பெட்டி; மேடையைத் திருப்ப வேண்டியதில்லை, வாளை 45 பாகை சாய்த்தால் போதும். பலகை இவ்விரு நிலைகளுக்கும் இடையே சாய்ந்திருக்கும்போது, மேடையும் திரும்ப வேண்டும். வாளும் சாய வேண்டும். இவ்விரண்டும் 45 பாகையைப் பாதியாகப் பங்கிட்டுக் கொள்ளும் என்று கருதுதல் தவறு. திரிகோண கணிதம் தரும் விதி வேறு.

நான்கு பக்க விதானத்திற்கு விதி எளியது. பலகை கிடைமட்டத்திற்குச் சாய்ந்துள்ள கோணத்தின் கொசைன் எதுவோ, அதுவே மேடை திரும்பும் கோணத்தின் டேஞ்சன்ட். அச்சாய்வின் சைன் மதிப்பை 0.7071ஆல் பெருக்கினால் கிடைப்பது, வாள் சாயும் கோணத்தின் சைன். இவ்விதியின்படி, பலகை 30 பாகை சாய்ந்திருப்பின் மேடையை 40.9 பாகை திருப்பி வாளை 20.7 பாகை சாய்க்க வேண்டும். 45 பாகைச் சாய்வுக்கு மேடை 35.3, வாள் 30. 60 பாகைச் சாய்வுக்கு மேடை 26.6, வாள் 37.8. பலகையை மேடைமீது தட்டையாகப் படுக்க வைத்து வெட்டும் முறைக்கே இக்கணக்குகள் பொருந்தும்.

சுழல்மேடையில் 31.6 பாகைக்குப் பள்ளம் இருப்பதன் காரணம் இங்கே விளங்கும். சுவரும் கூரையும் கூடும் இடத்தில் அழகுக்காகப் பொருத்தப்படும் அலங்காரச் சட்டம், மேனாடுகளில் சுவரோடு 38 பாகைக் கோணத்தில் சாய்ந்திருப்பது வழக்கம். அதாவது கிடைமட்டத்திற்கு 52 பாகை. அதற்குரிய மேடைக் கோணம் 31.6, வாளின் சாய்வு 33.9.

வாளைச் சாய்க்கும்போது காப்பு விதிகள் இன்னும் கடுமையாகின்றன. சாய்ந்த தட்டு அணைசட்டத்தின் மேற்பகுதியை வெட்டிவிடாதவாறு, அப்பகுதியை முன்னதாக விலக்கி வைக்க வேண்டும். வாள் சாயும் பக்கத்தில் கைவைத்துப் பிடித்தல் கூடாது. நேர்வெட்டில் பாதுகாப்பாக இருந்த இடம் சாய்வெட்டில் வாளின் அடியில் வந்துவிடும். சாய்ந்த தட்டு மரத்தைப் பக்கவாட்டில் நகர்த்த முயலும் ஆதலால் கிளாம்பு இன்றியமையாதது. இடம் வலம் மாறி வெட்டிப் பலகையைப் பாழாக்குதல் தேர்ந்த தச்சருக்கும் நேர்வது. எனவே விலைமதிப்புள்ள மரத்தைத் தொடுமுன், கழிவு மரத்தில் நான்கு சிறு துண்டுகள் வெட்டிச் சேர்த்துப் பார்த்தல் முறை.

மரமும் தூளும் ஓசையும்

சேஷாசல மலைகள் செம்மரத்திற்கு இயற்கை வாழிடம். ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளில் மட்டுமே பெரும்பாலும் வளரும் இம்மரத்தின் வைரப்பகுதி நீரில் மூழ்கும் அளவு கனமானது. 1995 முதல் இது சர்வதேச வாணிப ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வனத்துறையின் அனுமதிச்சீட்டு உள்ள செம்மரத்தை மட்டுமே பட்டறையில் வைத்திருக்கலாம். இத்தகைய கடின மரத்தை வெட்டும்போது வாளை மிக மெதுவாக இறக்க வேண்டும். மழுங்கிய பற்கள் மரத்தை அறுக்காமல் எரிக்கும்.

எம்மரமாயினும் அதன் நுண்தூள் தீங்கானது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மரத்தூளை மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் 1995ஆம் ஆண்டு வெளியீட்டில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதனையடுத்த எலும்புக் குழிகளிலும் தோன்றும் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. கருவியின் தூள்வாயில் உறிஞ்சியோ பையோ பொருத்துதலும், நுண்தூளைத் தடுக்கும் முகமூடி அணிதலும் அவசியம். வாயில் கைக்குட்டை கட்டுதல் இதற்குப் போதாது.

ஓசையும் அவ்வாறே கேடு செய்யும். இவ்வாளின் ஓசை 100 டெசிபல் அளவை எட்டக்கூடும். நாளொன்றுக்கு 85 டெசிபல் ஓசையை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் அமெரிக்கத் தேசியத் தொழிற்சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அக்கணக்கில் 100 டெசிபலுக்கு உரிய நேரம் 15 நிமிடமே. எனவே காதடைப்பானும் தேவை.

விபத்து நேரின்

எல்லா எச்சரிக்கையும் மீறி விபத்து நேருமாயின், முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். காயத்தின்மீது தூய துணியை வைத்து விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், மரத்தூள் முதலியவற்றை அப்புதல் தீங்கு. துண்டுபட்ட விரலைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நீர்புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியுடனேயே கொண்டு செல்ல வேண்டும். விரல் பனிக்கட்டியை நேரே தொடலாகாது. தொட்டால் திசுக்கள் உறைந்து அழியும். முறையாகக் கொண்டு சென்ற விரலை அறுவை மருத்துவர்கள் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு.

சிற்ப மரபில் நீளத்தின் அடிப்படை அளவு அங்குலம், அதாவது விரல். எட்டு யவை ஒரு விரல். 24 விரல் ஒரு முழம். ஆலயமும் தேரும் திருவுருவும் இவ்வளவைக் கொண்டே வகுக்கப்பட்டன. இன்று அளவுகோல் மாறிவிட்டது, கருவியும் மாறிவிட்டது. ஆயினும் மரத்தின் வரியைத் தடவி அறிவதும், மூலையின் பொருத்தத்தைச் சோதிப்பதும், உளியை வழிநடத்துவதும் விரலே. தச்சனின் குடும்பம் அவ்விரல்களால் வாழ்கிறது. கிளாம்பை இறுக்க ஆகும் அரை நிமிடமும், தட்டு நிற்கும்வரை காத்திருக்கும் சில வினாடிகளும் அவற்றைக் காப்பதற்குக் கொடுக்கும் மிகச் சிறிய விலையாகும்.